வீரனின் நல்லொழுக்க வகுப்பு

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் எல்லைக் கருப்பனுக்குப் பொங்கல் வைக்கும் ஊர்கள் பல உண்டு. ஆனால் சாமியை எல்லையிலேயே நிறுத்தி, யார் நீ என்று கேட்கும் ஊர் ஒன்றுதான். அந்த ஊரின் காவல் குடியில் இன்று மூத்தவர் காளியண்ணன்.

பொங்கலன்று பொழுது சாய்கிற வேளையில் பூசாரி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்லுக்கு அப்பால் போய் நிற்பார். அந்த நேரத்தில் அவர் பூசாரி இல்லை, கருப்பன். "வாரேன், ஊருக்குள்ள வாரேன்" என்று குரல் கொடுப்பார். கல்லுக்கு இந்தப் பக்கம் காவல் குடியின் நாய் நின்று அவரைப் பார்த்துக் குரைக்க வேண்டும். குரைத்ததும், "காவல் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கருப்பன் உள்ளே வருவார். பானையிலிருந்து முதல் கவளம் அந்த நாய்க்கு. ஊருக்கும், கீழேயிருந்து வந்த விருந்தாளிக்கும் அதன் பிறகுதான். நாய் குரைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. காளியண்ணனின் அப்பன் காலத்திலும் பாட்டன் காலத்திலும் அது குரைக்காமல் இருந்ததில்லை. அந்த நினைப்பில்தான் காளியண்ணனின் முதுகு இந்த வயதிலும் மிளகுக் கொடி ஏற்றிய மரம்போல நேராக நின்றது.

அந்தக் குடியில் நாய்க்கு ஒரே பெயர், வீரன். ஒரு வீரன் செத்தால் அடுத்ததும் வீரன்தான். பழைய வீரன் சித்திரையில் மரவள்ளிக் காட்டில் ஒரு காட்டுப்பன்றியோடு மோதிச் செத்துப் போனது. காளியண்ணன் அதற்குக் குழி வெட்டி, ஒரு கல்லும் நட்டுவிட்டு, புதிதாக ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். அழகான குட்டி. கறுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளை.

அது கோழிக்குப் பயந்தது. சில்வர் டம்ளர் கீழே விழுந்தால் பயந்தது. பலாப்பழம் பழுத்து விழுகிற சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய், மறுநாள் கஞ்சி நேரத்துக்குத்தான் வெளியே வந்தது. பஸ் ஹாரன் கேட்டால் காளியண்ணனின் வேட்டிக்குள் நுழையப் பார்க்கும். எல்லாவற்றையும்விட மோசம், அது குரைக்கவே இல்லை. முனகும், நடுங்கும், வாலைச் சுருட்டும். வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வந்தது.

"ஏனுங்க, இதுக்குப் போயி வீரன்னு பேரு வெச்சீங்களே, அந்தப் பழையவன் கேட்டா குழியில இருந்து எந்திரிச்சு வந்துருவான்" என்றாள் அவர் மனைவி பாவாயி.

"சின்னக் குட்டி. வளந்தா குலைக்கும்."

"பொங்கலுக்குள்ள வளந்துருமுங்களா?"

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஜீப் மலையெங்கும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றியது. மலை நாய்கள் நல்லொழுக்கத் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறதாம். சனிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பு, கட்டணம் கிடையாது, சேர்ந்த நாய்க்குப் பச்சைப் பட்டை தரப்படும் என்றார்கள். திட்டம் எப்படிப் பிறந்தது என்பதை பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மிகப் பெரிய அதிகாரி ஒருவர் மலையைப் பார்க்க வந்தபோது, ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு நாய் அவரைப் பார்த்து விடாமல் குரைத்ததாம். அவர் அதைத் தம்மைப் பார்த்து 'யார் நீ' என்று கேட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டாராம்.

ஊரில் மற்றவர்கள் நாய்களைக் காட்டுப் பக்கம் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காளியண்ணன் மட்டும் வெள்ளை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் மடித்துப் போட்டு, வீரனைக் கையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மாட்டுக்குப் பயிற்சி என்றால் ஏர் இழுக்க. பிள்ளைக்குப் பயிற்சி என்றால் படிக்க. நாய்க்குப் பயிற்சி என்றால் குரைக்கத்தானே. அரசாங்கமே ஆள் போட்டுக் குரைக்கக் கற்றுக் கொடுக்கிறது என்றால், காவல் குடிக்காரன் அதற்கு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டாமா? அவர் போனதைப் பார்த்துத்தான் ஊரும் நாய்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனது. அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த ஊரில் ஒரு வழக்கம்.

வகுப்பு நடந்தது பழைய குடோனில். வாசலில் வெள்ளை வண்டி ஒன்று நின்றது. அதற்கு ஜன்னல்கள் இல்லை. ஓட்டுநர் ஜான்பீட்டர் ஏறுபடியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். வீரன் எதற்கும் பயப்படுகிற நாய்தான். ஆனால் அந்த வண்டியைப் பார்த்தபோது அது நடுங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டது. காளியண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. என்றாலும் உள்ளே போய்விட்டார்.

முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு வரவேற்புரை, அறிமுக உரை, வாழ்த்துரை. உரைகள் முடியும்வரை நாய்கள் அசையக்கூடாது என்பதுதான் முதல் பாடம் என்று கடைசியில்தான் சொன்னார்கள். அதற்குள் பாதி நாய்கள் தவறியிருந்தன. வீரன் அசையவில்லை. அது பயத்தில் விறைத்துப் போயிருந்தது.

சிறப்புரை ஆற்றியவர் திட்ட அலுவலர் பாலசுப்பிரமணியம். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். மெதுவாகப் பேசுவார். அவர் பேசும்போது குடோனில் எலிகூட ஓடாது.

"பெரியோர்களே, குரைப்பு என்பது என்ன? வந்தவரை யார் என்று கேட்பது. அது நாகரிகமா? நான் பணியில் சேர்ந்த நாள் முதல் இன்று வரை ஒருவரையும் ஒன்றும் கேட்டதில்லை. என் அலுவலகக் கூரை ஒழுகியது, நான் கேட்கவில்லை. என் கண் முன்னால் மூட்டைகள் லாரியில் ஏறின. யாருடையவை, எங்கே போகின்றன, நான் கேட்கவே இல்லை. இன்று உங்கள் முன்னால் திட்ட அலுவலராக நிற்கிறேன். என்னோடு பணியில் சேர்ந்து, கேள்வி கேட்டவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள்?" அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கீழே இருக்கிறார்கள்."

கை தட்டினார்கள். காளியண்ணனுக்கு அப்போதுதான் தாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பது புரிய ஆரம்பித்தது. வீரனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பயிற்றுநர் அமலோற்பவம் குறுக்கே வந்தார். கழுத்தில் விசில் தொங்கிய, கண்டிப்பான முகம் கொண்ட அம்மாள்.

"எங்கேங்க ஐயா?"

"ஊட்டுக்குத்தானுங்கம்மா. எங்க நாயி குலைக்கோணும். நீங்க குலைக்காம இருக்கக் கத்துத் தாரீங்க. ரண்டும் ஒத்து வராதுங்க."

"பட்டை போட்டாச்சு ஐயா. பட்டை போட்ட நாய் திட்டத்தைச் சேர்ந்தது. நீங்க அதுக்குச் சோறு போடலாம். வகுப்புக்கு வர்றதை நிறுத்தினா வண்டி வரும்."

வீரனின் கழுத்தில் பச்சைப் பட்டை எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. மற்ற நாய்களின் கழுத்திலும் இருந்தது. அவரை நம்பிப் பின்னால் வந்த நாய்கள்.

இரண்டாவது பாடம் உட்காருவது. நாய் யாரையாவது பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும் என்பதால், 'உட்கார்' என்று சொன்னதும் முதலில் வளர்ப்பவர் தரையில் உட்கார வேண்டும். அதைப் பார்த்து நாய் உட்காரும். முதல் வாரம் ஊரார் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். "காளியண்ணா, எந்த வயசுல என்ன வேசம் பாரு" என்று பக்கத்து வீட்டு மாணிக்கம் மண்ணில் சப்பணம் போட்டுக்கொண்டே கேலி பேசினான்.

காளியண்ணன் உட்காரவில்லை. "மூட்டுல வலிங்க" என்றார். அவர் மூட்டில் ஒரு வலியும் இல்லை. அந்தக் குடியில் அன்னிய மனிதன் சொல்லி எவரும் தரையில் உட்கார்ந்தது கிடையாது, அவ்வளவுதான். அமலோற்பவம் யோசித்துவிட்டு, மூட்டுவலிக்கு விலக்கு உண்டு என்றார்.

"உக்கார்றதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க. எந்திரிக்கறதுக்கு என்னங்கம்மா வார்த்தை?" என்று மாணிக்கம் கேட்டான்.

"எழுந்திரிக்கிறது மூன்றாம் கட்டம். அதுக்கு இன்னும் மேலிடத்து அனுமதி வரலை. அதுவரைக்கும் விசில் கேட்டா எழுந்துக்கலாம்."

அடுத்த பாடம் அடையாள அட்டை. குடோன் மூலையில் ஒரு மிளகு மூட்டையை வைத்தார்கள். ஓர் ஆள் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போவான். அவன் கழுத்தில் அட்டை தொங்கினால் நாய் ஒதுங்கி வழிவிட வேண்டும். அட்டை இல்லாதவனைப் பார்த்துக் குரைக்கலாமா என்று கேட்டதற்கு, அதுவும் மூன்றாம் கட்டம் என்றார்கள்.

மாணிக்கத்தின் செவலை நாய்க்கு இது விளங்கவில்லை. மூட்டையைத் தூக்கியவனின் அட்டையைத் தாண்டி அவன் கையைப் பார்த்துவிட்டது. அடித்தொண்டையிலிருந்து ஒரு குரைப்பு. மறு வாரமும் அதே குரைப்பு. பாலசுப்பிரமணியம் தலையை மட்டும் அசைத்தார். ஜான்பீட்டர் கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"எங்கீங்க கொண்டு போறீங்க?" மாணிக்கம் வண்டிக்குப் பின்னால் ஓடினான்.

"கீழே."

"கீழேன்னா எங்கீங்க சாமி? முள்ளுக்குறிச்சிங்களா? ராசிபுரமுங்களா?"

"கீழேன்னா கீழேதாங்க. நான் இறக்கிட்டு வர்றதோட சரி. கேக்கறதில்லை" என்றார் ஜான்பீட்டர். குரலில் வருத்தம் இருந்ததா என்பதைச் சொல்ல முடியாது. வண்டி வளைவு வளைவாக இறங்கியது. கடைசி வரைக்கும் செவலையின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு மாணிக்கம் கேலி பேசவில்லை. எல்லாரையும்விட வேகமாக உட்கார்ந்தான்.

ஊர் அடங்கிவிட்டது. சாமையடித்த களத்தில், மிளகு காயும் வாசலில், பஸ் நிற்கும் இடத்தில் நாய்கள் பச்சைப் பட்டையோடு சும்மா நின்றன. பன்றிகள் மரவள்ளிக் காட்டைத் தாண்டி வீட்டுக் கொல்லை வரைக்கும் வந்து போயின. ஒரு நாள் பட்டப்பகலில் கழுத்தில் அட்டை தொங்க ஒருவன் வந்து, மாணிக்கத்தின் வாசலில் காய்ந்த மிளகை நிதானமாக அள்ளிக்கொண்டு போனான். நாய்கள் ஒதுங்கி வழிவிட்டன. மாணிக்கமும் ஒதுங்கி வழிவிட்டான். அட்டையில் இருந்தது ஏதோ டைல்ஸ் கடையின் பெயர் என்று பிறகு சொன்னார்கள். ரேஷன் கடையில் எவனோ போனில் தன் பிள்ளையை "உட்கார்றா" என்று அதட்ட, வரிசையில் நின்றவர்கள் மொத்தமும் அரிசிப் பையோடு உட்கார்ந்துவிட்டார்கள். விசில் ஊத ஆள் இல்லாமல் கடை மூடும்வரை அப்படியே இருந்தார்களாம். அதைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பில் வீரனுக்கு எல்லாவற்றிலும் முதலிடம். உரை கேட்கும்போது அசையாது. அட்டையைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும். விசிலுக்குச் சிறுநீர் கழித்துவிட்டு நிற்கும். பாலசுப்பிரமணியம் அதை மேடைக்கு வரவழைத்துத் தம் கையால் பொன்னாடை போர்த்தினார்.

"பயிற்சியாலும் கொண்டுவர முடியாத ஒழுக்கம் இந்த நாய்க்குப் பிறப்பிலேயே இருக்கிறது. இதுதான் மாதிரி நாய். உங்கள் ஊர்ப் பொங்கலுக்கு நானே நேரில் வருகிறேன். எல்லைக் கல்லில் இது அமைதி காப்பதை எல்லாரும் பார்க்க வேண்டும். விழா முடிந்ததும் மற்ற மலைகளுக்குக் காட்டுவதற்காக இதைக் கொண்டு போகிறோம்."

"எங்கீங்க?" என்று கேட்டார் காளியண்ணன். பதில் என்னவென்று அவருக்குத் தெரியும்.

"கீழே" என்றார் பாலசுப்பிரமணியம் புன்னகையுடன்.

அன்று வீட்டுக்குத் திரும்பிய காளியண்ணன் சாப்பிடவில்லை. தோற்ற நாயையும் வண்டி கொண்டு போகிறது, ஜெயித்த நாயையும் கொண்டு போகிறது. பொன்னாடையோடு கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த குட்டியைக் குனிந்து பார்த்தார். இதைப் பொங்கலன்று குரைக்க வைத்தால் மாதிரி நாய் என்ற பட்டம் போய்விடும். செவலையைப் போலக் குட்டியை ஏற்றிக்கொண்டு போனாலும் குடியின் மரியாதையாவது நிற்கும். குரைக்காவிட்டால் குட்டியும் போகும், மரியாதையும் போகும், ஊரையே இதில் கொண்டுவந்து சேர்த்த பழி மட்டும் மிஞ்சும்.

"நீங்க ஒருக்கா குலைச்சுக் காட்டுங்க. பாத்துப் பழகிக்கும்" என்றாள் பாவாயி.

"என்ன பேச்சுப் பேசற? காவல் குடிக்காரன் நாயாட்டம் குலைக்கறதா?"

"அவங்கெல்லாம் நாயாட்டம் உக்கார்றாங்க. நீங்க குலைச்சா மட்டும் குத்தமுங்களா?" அவள் கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வகுப்பு வாசலை மிதிக்காதவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

பொங்கலன்று எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஷாமியானா போட்டு மேடை கட்டியிருந்தார்கள். மைக் வைத்திருந்தார்கள். வெள்ளை வண்டி பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஊர் முழுக்க வந்திருந்தது, பட்டை போட்ட நாய்களோடு. பனி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாய்களும் இத்தனை ஜனமும் கூடிய இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. வீரன் அவர் காலுக்குப் பின்னால் நின்றது. கயிற்றைப் பாவாயி பிடித்திருந்தாள்.

பூசாரி அர்த்தனாரி கல்லுக்கு அப்பால் நின்றார். அவருக்கு நாய் இல்லை. ஆகவே வகுப்பும் இல்லை. பானையைத் தூக்கித் தலையில் வைத்ததும் அவர் முகம் மாறிப்போனது.

"வாரேன். ஊருக்குள்ள வாரேன்."

வீரன் நடுங்கியது. சத்தம் இல்லை.

மேடையில் பாலசுப்பிரமணியம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "கவனியுங்கள். இதுதான் ஒழுக்கம்."

"வாரேன். ஊருக்குள்ள வாரேன்."

வீரன் கண்ணை மூடிக்கொண்டது. கருப்பன் கல்லைத் தாண்டவில்லை. பானையிலிருந்து ஆவி எழுந்து பனியோடு கலந்தது. கூட்டத்தில் ஒரு கிழவி மட்டும் மெதுவாக அழுதாள். யாரும் குரைக்காத ஊருக்குள் சாமி வர மாட்டார் என்பது அந்தக் கணத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேறு என்னவெல்லாம் வரும் என்பதும் தெரிந்துவிட்டது.

"வாரேன். ஊருக்குள்ள வாரேன்." மூன்றாவது குரலில் கெஞ்சல் இருந்தது.

காளியண்ணன் துண்டை எடுத்துப் பாவாயி கையில் கொடுத்தார். முதுகை நிமிர்த்தினார். தலையை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து குரைத்தார். நன்றாகவே குரைத்தார். செத்துப்போன வீரன் குரைக்கிற மாதிரியே இருந்ததாகக் கேட்டவர்கள் சொன்னார்கள்.

பாலசுப்பிரமணியத்தின் முகம் வெளுத்தது. பணிக்காலம் முழுவதும் அவர் பார்க்காத ஒன்று அது. அதற்கு என்ன செய்வது என்று எந்த ஆணையும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை வாயில் வந்தது. மைக்கில் வந்தது.

"உட்கார்!"

ஊர் உட்கார்ந்தது. ஒரே சத்தமாக, ஒரே நேரத்தில் உட்கார்ந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் குழந்தையோடு உட்கார்ந்தாள். மாணிக்கம் சேற்றில் உட்கார்ந்தான். நாய்கள் உட்கார்ந்தன. மேடை ஓரத்தில் அமலோற்பவம் உட்கார்ந்தார். வண்டிப் படியில் ஏறப்போன ஜான்பீட்டர் பாதி ஏறிய நிலையில் உட்கார்ந்தார். கருப்பனும், பாவாயியும், காளியண்ணனும் மட்டும் நின்றார்கள். எதிரே பாலசுப்பிரமணியம் நின்றார்.

"அந்த நாயை ஏத்துங்க. பெரியவரையும் சேர்த்து ஏத்துங்க" என்றார் அவர்.

ஏற்றுவதற்கு ஆள் இல்லை. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவரே மேடையிலிருந்து இறங்கி வந்தார். கழுத்தில் அட்டை ஆடியது. கை வீரனின் பட்டையை நோக்கி நீண்டது.

வீரன் கோழிக்குப் பயந்த நாய். டம்ளருக்குப் பயந்த நாய். ஓர் ஊரே திடீரென்று தரையில் மடிந்ததைப் பார்த்து அதற்கு வந்த பயம், பயப்பட இருந்த இடமெல்லாம் நிறைந்து, வேறு போக்கிடம் இல்லாமல் வாய் வழியாக வெளியே வந்தது. சின்னக் குரல்தான். கீச்சென்றுதான் இருந்தது. அட்டையைப் பார்க்காமல் கையைப் பார்த்துக் குரைத்தது. இன்னொரு தடவை குரைத்தது. தன் சத்தத்துக்குத் தானே பயந்து மறுபடியும் குரைத்தது.

நீண்ட கை நின்றது. பாலசுப்பிரமணியம் ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு மேலிடத்தைக் கேட்பதற்காகச் செல்போனை எடுத்தார். எல்லைக் கல் பக்கம் எப்போதும் சிக்னல் கிடைக்காது. போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

"காவல் இருக்குது" என்று சொல்லிக் கருப்பன் கல்லைத் தாண்டினார். பானையை இறக்கி முதல் கவளத்தை எடுத்து வீரன் முன்னால் போட்டார். அது தின்றது. ஒரு வாய் தின்பதும், நிமிர்ந்து குரைப்பதுமாகத் தின்றது.

காளியண்ணன் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "பொங்கல் வாங்கலாம். எந்திரிங்க சாமி" என்றார் ஊரைப் பார்த்து.

யாரும் எழவில்லை. எல்லார் கண்ணும் அமலோற்பவத்தின் கழுத்தில் தொங்கிய விசில் மேல் இருந்தது. அமலோற்பவத்தின் கண் பாலசுப்பிரமணியத்தின் மேல் இருந்தது. பாலசுப்பிரமணியம் போனைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாணிக்கம், உன்னத்தான் சொல்றேன். எந்திரிடா."

"எந்திரிக்கத்தான் பாக்கறேன், அண்ணா" என்றான் மாணிக்கம். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "வரமாட்டேங்குது."

"ஏனுங்க, இத்தனை பேர வெச்சுக்கிட்டு நாம என்னங்க பண்றது?" என்று பாவாயி கேட்டாள்.

பனி இறங்கி முதலில் வண்டியை மூடியது. திறந்திருந்த கதவு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு உட்கார்ந்திருந்த ஊரை மூடியது. காளியண்ணன் குனிந்து வீரனின் கழுத்திலிருந்த பச்சைப் பட்டையை அவிழ்த்தார்.

"குலைக்கட்டும் உடு" என்றார்.